மணல் தின்ற குழி

குழி நிரம்பவில்லை.

குழி சார் தரையில் குப்புறப் படுத்து, மணல் சிலிண்டரின் மேல் காதை வைத்துக் கேட்டார். உள்ளே மணல் சர்ரென்று இறங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு கையாலும் மூடிவிடக்கூடிய குழி அது. இந்நேரம் நிரம்பி ஏப்பம் விட்டிருக்க வேண்டும். அதுவோ, யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்ட கதையாக, போடப் போட வாங்கிக்கொண்டிருந்தது.

சத்தம் நின்றது. "அப்பாடா" என்று எழுந்து சிலிண்டரைத் தூக்கினார். சிலிண்டர் காலி. குழியும் முக்கால்வாசி காலி.

"போட்டதெல்லாம் எங்கடா போச்சு?" என்று குழியைப் பார்த்தே கேட்டுவிட்டார்.

அவருக்குக் குழி சார் என்று பெயர் வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அந்தச் சாலை வேலையில் மற்ற எல்லோரும் ரோடு போடுகிறவர்கள். போட்ட ரோட்டில் குழி தோண்டுகிறவர் அவர் ஒருவர்தான். ரோலர் மண்ணை ஒழுங்காக இறுக்கியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவர் உத்தியோகம். அவர் சரி என்று தலையாட்டினால்தான் மேலே தார் போடலாம். அதனால் அவர் ஜீப்பை விட்டு இறங்கினாலே, "வந்துட்டாருய்யா தோண்ட" என்று ஆளாளுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

வேலை என்னவோ சுலபமானதுதான். சின்னதாக ஒரு குழி தோண்டி, எடுத்த மண்ணை எடை போட வேண்டும். பிறகு சலித்துக் காயவைத்த மணலை அந்தக் குழியில் இறக்க வேண்டும். எவ்வளவு மணல் பிடித்தது என்று பார்த்தால் குழி எவ்வளவு பெரிது என்று தெரிந்துவிடும். குழியின் அளவுக்கு மண் கனமாக இருந்தால் இறுக்கம் சரி. பெரிய குழியில் கொஞ்சூண்டு மண்தான் வந்தது என்றால், ரோலர்காரர் சும்மா போக்குக் காட்டியிருக்கிறார் என்று அர்த்தம். பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் போட்டுவிடும் கணக்கு. ஆனால் குழி என்று ஒன்று இருந்தால் அது நிரம்பியாக வேண்டுமே! நிரம்பாத குழிக்கு எந்த வாய்ப்பாட்டில் கணக்குப் போடுவது?

செல்போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, என் ஸ்பூன் எங்க?"

"எந்த ஸ்பூன்?"

"காம்புல பூப்போட்ட ஸ்பூன். அக்கா குடுத்த செட்டு. ஆறு இருக்கணும், அஞ்சுதான் இருக்கு. சாயந்திரம் அக்கா வரா. வந்ததும் முதல்ல அதைத்தான் எண்ணுவா."

குழி சார் தன் வலது கையைப் பார்த்தார். காம்பில் பூப்போட்ட ஸ்பூன் அதில் இருந்தது. குழியின் ஓரம் சிதையாமல், அடியில் கிடக்கும் மண்ணைச் சிந்தாமல் அள்ள அதைவிட நல்ல கருவி உலகத்தில் கிடையாது. கம்பெனி கொடுத்த கரண்டி மண்வெட்டிக்குப் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும்.

"எனக்கு எப்படித் தெரியும்? நல்லாத் தேடிப் பாரு" என்றார்.

"கிடைக்கலைன்னா உங்க ஜீப்புலதான் வந்து தேடுவேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மனைவிக்குப் பொய் சொன்னது அவருக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் அவர் அங்கே கொளுத்தும் வெயிலில் குப்புறப் படுத்துக் கிடந்ததே அவளுக்காகத்தான்.

இதற்கு முன் இறுக்கம் பார்க்க ஒரு மஞ்சள் பெட்டி இருந்தது. உள்ளே துளியூண்டு கதிரியக்கப் பொருள். பெட்டியை மண்ணின் மேல் வைத்துக் கம்பியை இறக்கினால் கண்மூடித் திறப்பதற்குள் இறுக்கம் எவ்வளவு என்று சொல்லிவிடும். விதிப்படி கையாண்டால் பயம் இல்லை. ஆனால் அதைத் தொடப் பயிற்சி எடுத்தவர் அவர் ஒருவர்தான் என்பதால், பெட்டி, பூட்டு, சாவி எல்லாம் அவர் தலையில் விழுந்தன. பெட்டியைப் பூட்டிவைக்கும் அறையைக் கம்பெனி அவருக்குக் கொடுத்த வீட்டை ஒட்டியே கட்டியிருந்தார்கள்.

"ஒண்ணும் ஆகாதுன்னா எதுக்குங்க மூணு பூட்டு?" என்று மனைவி கேட்டாள்.

அவர் பொறுமையாக விளக்கினார்.

"சரி, சட்டையில எதுக்கு அந்த பேட்ஜ்?"

"என் மேல எவ்வளவு கதிர் பட்டிருக்குன்னு காட்டும். மூணு மாசத்துக்கு ஒருதடவை அனுப்பிப் பார்ப்பாங்க."

"பட்டு முடிஞ்சப்புறமா? நல்லா இருக்கே! வீடு எரிஞ்சு முடிஞ்சப்புறம் வந்து 'உங்க வீட்டுல தீப்பிடிச்சிருந்துச்சும்மா'ன்னு சொல்றதுக்கு ஒரு ஆளா?"

பெட்டி இருக்கிற இடத்தில் நான் இருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். சும்மா மிரட்டுகிறாள், நாலு நாளில் வந்துவிடுவாள் என்று அவர் இருந்தார். மாதம் திரும்பியது. அவள் வரவில்லை. வருஷக்கணக்காகச் சண்டை போட்டே பழகிய காதுக்கு வீட்டின் அமைதி தாங்கவில்லை. கதவைத் திறந்தால் உள்ளே போகவே மனசு வராது. தானே சமைத்துத் தானே கருக்கித் தானே தின்றார். ஒருநாள் ராத்திரி, தன் சமையலைத் தானே திட்டிக்கொண்டிருந்தபோது, இப்படித் திட்டுவதற்குக்கூட அவள்தான் வேண்டும் என்று தோன்றிக் கண் கலங்கிவிட்டது.

மறுநாளே மேனேஜரிடம் போய் நின்றார். "கதிரியக்கம் இல்லாமலே அளக்கலாம் சார். புது மெஷின் வந்திருக்கு. மண்ணுக்குள்ள மின்சாரத்தை விட்டுப் பார்த்து இறுக்கத்தைச் சொல்லும். கூடவே மணல் போட்டுச் சரிபார்த்துக்கலாம். நான் பொறுப்பு."

மேனேஜர் மனசில்லாமல் சம்மதித்தார். மஞ்சள் பெட்டி தலைமை ஆபீசுக்குப் போனது. எடை பார்க்கும் மெஷினுக்குக் கைப்பிடி வைத்தது போல ஒரு புது மெஷின் வந்தது. மனைவியும் வந்தாள்.

இன்றைக்கு அந்த மெஷினுக்குப் பரீட்சை. நாலு மணிக்குப் பெரிய இன்ஜினியர் வருகிறார். சாலை யாருக்காகப் போடப்படுகிறதோ அவர்கள் தரப்பு ஆள். மெஷின் சொல்வதும் மணல் சொல்வதும் அவர் கண்ணெதிரே ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால் இந்தச் சாலை முடியும்வரை மஞ்சள் பெட்டிக்கு வேலையில்லை. ஒத்துப்போகாவிட்டால் பெட்டி நாளைக்கே திரும்பி வரும். பெட்டி வந்தால் மனைவி போவாள்.

காலையில் எல்லாம் நல்லபடியாகத்தான் ஆரம்பித்தது. போன மாதம் தார் போட்ட பகுதியில் மெஷினை வைத்தார், நூற்றுக்குத் தொண்ணூற்றேழு காட்டியது. மண் பகுதியில் நாலைந்து இடத்தில் வைத்தார், அங்கேயும் அப்படியே. பத்து மாதத்துக் குழந்தை முதல்முறை எழுந்து நின்றதைப் பார்த்தது போல அவருக்குப் பெருமை. அதோடு நிறுத்தியிருக்கலாம். சாலையின் ஓரமாக, கடைசியாக ஒரே ஒரு இடத்தில் வைத்துப் பார்த்தார்.

எண்பது.

துடைத்து வைத்தார். எண்பது. திருப்பி வைத்தார். எழுபத்தொன்பது. ஒரு தட்டுத் தட்டினார். எண்பது.

அந்த இடம் மேடு. சாலையின் ஓரத்தைத் தாங்கிப் பிடிக்க உயரமாக ஒரு கல்சுவர் எழுப்பியிருந்தார்கள். சுவருக்குக் கீழே வரிசையாக வீடுகள். அந்த மேட்டுக்கு மண் நிரப்பியபோது ஒவ்வொரு அடுக்கையும் அவரே அளந்து, அவரே தலையாட்டியிருக்கிறார். போன வாரம் கொட்டித் தீர்த்த மழையில்கூட ஒரு விரிசல் விடவில்லை. இந்த மண்ணை அவர் தன் பெண்டாட்டியை நம்புவதற்கு மேலாக நம்பினார். அதனால் மெஷின்தான் உளறுகிறது என்று முடிவு கட்டி, அதன் வாயை அடைக்க மணலை எடுத்துக்கொண்டு வந்தார். வந்த இடத்தில்தான் இந்தக் கூத்து.

"யோவ், ரோலர்!" என்று கத்தினார். "உம்ம வண்டி அதிருதுல்ல? அதான் மணல் கெட்டியா இறங்கி அதிகமாப் பிடிக்குது. இங்க மணல் போடுறப்போ அங்க ரோலரை ஓட்டுறீரே!"

ரோலர்காரர் தலையை வெளியே நீட்டினார். "சார், நான் எங்க இருக்கேன், நீங்க எங்க இருக்கீங்க? இங்கேயிருந்து அதிருச்சுன்னா என் வீட்டுல பாத்திரம்கூட உருளணுமே!"

"நிறுத்தும்யா!"

அவர் நிறுத்தினார். ஆனால் சிலிண்டரை மறுபடி நிரப்ப மணல் இல்லை. ஒரு நாளைக்கு வேண்டிய மணலை ஒரே குழி தின்று தீர்த்துவிட்டது. குழி சார் ஜீப் டிரைவரைக் கூப்பிட்டார்.

"எங்கேயாவது போய் மணல் கொண்டாப்பா. காய்ஞ்ச மணலா இருக்கணும். தூசி கூடாது, கல்லு கூடாது, எல்லாம் ஒரே சைஸா இருக்கணும்."

"மணலுக்குப் பொண்ணு பார்க்கிற மாதிரி சொல்றீங்களே சார்" என்று முனகிக்கொண்டே டிரைவர் இரண்டு வாளியோடு போனார்.

இனி சாயந்திரம்தான் வருவான், வரும்போது வாய்க்கால் சேற்றை அள்ளிக்கொண்டு வருவான் என்று குழி சார் தலையில் கையை வைத்துக்கொண்டார். ஆனால் அவர் வியர்வையைத் துடைத்து முடிப்பதற்குள் டிரைவர் வந்து நின்றார். இரண்டு வாளியிலும் தளும்பத் தளும்ப மணல்.

குழி சார் ஒரு பிடி எடுத்து விரல் இடுக்கில் விட்டார். பட்டுப் போல வழிந்தது. சல்லடையில் போட்டார். ஏழெட்டுப் பொடிக்கல் தவிர ஒன்றும் தங்கவில்லை. அளவுப் பாத்திரத்தில் போட்டு எடை பார்த்தார். தராசு காட்டிய எண்ணைப் பார்த்து அவருக்கு வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

"என் மணல் என்ன எடையோ அதே எடை! இந்த மாதிரி மணல் தேடி நான் எத்தனை இடம் அலைஞ்சிருக்கேன் தெரியுமா? எங்கப்பா கிடைச்சுது?"

"பக்கத்துலதான் சார். ஒரு வீட்டுல சும்மா குவிஞ்சு கிடந்துச்சு. எடுத்துக்கட்டுமான்னு கேட்டேன். அந்த அம்மா வாயெல்லாம் பல்லா, 'எடுத்துட்டுப் போ சாமி, புண்ணியமாப் போகும்'னாங்க."

"இந்தக் காலத்துல இப்படி ஒரு மனசா!" என்று நெகிழ்ந்துபோனார் குழி சார்.

முதல் குழிக்கு அருகிலேயே இரண்டாவது குழியைத் தோண்டினார். மண்ணை ஸ்பூனால் வழித்து வழித்துப் பையில் போட்டார். பாதி வேலையில் மேனேஜரின் போன். மண் ஒட்டிய ஸ்பூனைக் கண்ட இடத்தில் வைத்தால் காணாமல் போய்விடும் என்று குழியின் அடியிலேயே செங்குத்தாகக் குத்திவைத்துவிட்டு எழுந்தார்.

"என்ன குழி, ரெண்டும் ஒத்துப்போச்சா?"

"போயிட்டே இருக்கு சார்."

"போயிட்டே இருக்குன்னா? பழைய பெட்டியா இருந்தா இந்நேரம் கையெழுத்து வாங்கிட்டுப் படுத்துத் தூங்கியிருப்போம்யா. வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுட்டீரே!"

போனைக் காதில் வைத்துக்கொண்டே, இன்னும் தூரமாகத் தள்ளி நிறுத்தும்படி ரோலர்காரருக்குக் கையைக் காட்டினார். எதிர்ப்பக்கம் இடம் இல்லை. ரோலர்காரர் இன்ஜினைக் கிளப்பி, குழியை ஒட்டினாற்போல் தடதடவென்று ஓட்டிக்கொண்டு போய், அந்தக் கோடியில் நிறுத்தினார்.

குழி சார் பேசி முடித்துத் திரும்பி வந்தார். குழி இருந்தது. ஸ்பூன் இல்லை.

மண் பையைக் கவிழ்த்துப் பார்த்தார். சட்டைப் பையைத் தடவினார். ஜீப்புக்கு அடியில் தவழ்ந்தார். அப்புறம் நேரே ரோலருக்குப் போனார்.

"ஸ்பூனைக் குடுத்துடும்யா."

"எந்த ஸ்பூனை?"

"விளையாடாதேயும். குழிப் பக்கமாப் போனது நீர் ஒருத்தர்தான்."

ரோலர்காரர் மெதுவாகக் கீழே இறங்கினார். "உங்க ஸ்பூனை வெச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்ணப்போறேன்? ரோலருக்கு ஊட்டிவிடவா? நாலு பிள்ளைங்களை வளர்த்து ஆளாக்கின என்னைப் பார்த்து, ஒரு ஸ்பூனுக்குத் திருட்டுப் பட்டம் கட்டுறீங்களே!" சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, "இனி நீங்களே உருட்டிக்கங்க" என்று மரநிழலில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

குழி சாருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஸ்பூன் போனது ஒரு கவலை, ரோலர்காரர் கோபித்துக்கொண்டது ஒரு கவலை. இதையெல்லாம் இந்தக் குழியாவது நிரம்பி ஈடுகட்டட்டும் என்று சிலிண்டரை வைத்துத் திறந்தார்.

சர்ர்ர்.

இரண்டு வாளி மணலும் போனது. சத்தம் நிற்கவில்லை, மணல்தான் நின்றது.

"சார், அடியில ஏதாவது..." என்று டிரைவர் ஆரம்பித்தார்.

"அடியில என்னய்யா? அடியில இருக்கிறது நான் பார்த்துப் பார்த்துப் போட்ட மண்ணு! மேல்மண்ணு பொலபொலன்னு இருக்கு, அவ்வளவுதான். இன்னும் நாலு தடவை உருட்டினா எல்லாம் சரியாயிடும்."

உருட்ட வேண்டிய ஆள் மரநிழலில் இருந்தார். குழி சார் அவரெதிரே போய் நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"ஏதோ டென்ஷன்ல சொல்லிட்டேன்."

ரோலர்காரர் வானத்தைப் பார்த்தார்.

"நீர் எடுக்கலை. நான்தான் எங்கேயோ போட்டுட்டேன். போதுமா?"

"எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

எல்லார் என்பது டிரைவர் ஒருவர்தான். அவர் முன்னால் குழி சார் இன்னொரு முறை சொன்னார். ரோலர்காரர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டு, ரோலரில் ஏறினார். உள்ளே இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து வைத்து, அதிர்வைக் கடைசிவரை கூட்டி, அந்த இடத்தைப் போட்டுப் போட்டு மிதித்தார். நிலம் கிடுகிடுத்தது. ஜீப்பின் கண்ணாடி நடுங்கியது.

"இப்ப வெச்சுப் பாருங்க சார், கருங்கல்லா இருக்கும்!"

குழி சார் மெஷினை வைத்தார்.

எழுபத்து நாலு.

ரோலர் ஓட்ட ஓட்ட மண் இளகுமா? உலகத்தில் எங்கேயாவது உண்டா? சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள், இங்கே சாண்கூட ஏறவில்லை, நேரே சறுக்கல்தான். அவருக்கு மெஷினைத் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்துவிடலாம் போல வந்தது.

செல்போன் அடித்தது.

"என்னங்க, அக்கா இப்பவே வந்துட்டா. சமையல்கட்டுல எண்ணெய் தடவுற பிரஷ்ஷையும் காணோம். உண்மையைச் சொல்லுங்க, நீங்கதானே எடுத்துட்டுப் போனீங்க?"

பிரஷ் தராசுத் தட்டின் மேல் இருந்தது. குழி சாருக்கு இனிமேல் பொய் சொல்லத் தெம்பு இல்லை.

"ஆமா. ரெண்டும் நான்தான். பிரஷ் இருக்கு."

"ஸ்பூன்?"

"தேடிட்டு இருக்கேன்."

அவள் குரல் தணிந்து வந்தது. "ஸ்பூன் போனாப் போகட்டும். அந்த மெஷின் பாஸாயிடுமா? அதைச் சொல்லுங்க. உன் துணிமணியை எடுத்து வெச்சுக்கவான்னு அக்கா கேலி பண்றா. எனக்குத் திரும்ப அங்க போய் உட்காரப் பிடிக்கலைங்க."

"ஆயிடும்மா" என்றார்.

போனை வைத்துவிட்டு, "இன்னும் மணல் கொண்டா!" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினார். "அந்த அம்மாகிட்ட இன்னும் இருக்குமா?"

டிரைவர் போன சுவடு தெரியாமல் வந்தார். இந்த முறை நாலு வாளி. "எடுக்க எடுக்கக் குறையல சார். முன்ன பார்த்ததைவிட இப்ப குவியல் பெரிசா இருக்கு. அவங்களே முறத்துல அள்ளிக் குடுத்தாங்க. 'உங்க சார் நல்லா இருக்கணும், இன்னும் எவ்வளவு வேணும்னாலும் ஆள் அனுப்பச் சொல்லு'ன்னாங்க."

"வேலை முடிஞ்சதும் நானே நேர்ல போய் அவங்களுக்கு நன்றி சொல்லணும்ப்பா" என்றார் குழி சார். அன்றைக்குக் காலையிலிருந்து அவரிடம் அன்பாக நடந்துகொண்ட ஒரே மனுஷி, அவர் முகம்கூடப் பார்க்காத அந்த அம்மாதான்.

மூன்றாவது குழியைக் கம்பெனிக் கரண்டியால் தோண்டி முடித்தபோது கார் வந்தது. பெரிய இன்ஜினியர் இறங்கினார். பின்னாலேயே மேனேஜரின் வண்டியும் வந்து நின்றது. அதன் பின்பக்கக் கண்ணாடி வழியாக மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

"எதுக்கும் இருக்கட்டும்னு கையோட வாங்கிட்டு வந்துட்டேன்" என்றார் மேனேஜர், மாப்பிள்ளையை அழைத்து வந்தவர் போல.

பெரிய இன்ஜினியர் அதிகம் பேசாத மனிதர். "முதல்ல மெஷினைப் பார்ப்போம்" என்றார்.

மெஷின் எழுபத்திரண்டு காட்டியது.

"இப்ப மணல்."

குழி சார் சிலிண்டரை நிரப்பினார். குழியின் மேல் பூப்போல வைத்தார். மனசுக்குள் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டுவிட்டுத் திறந்தார்.

சர்ர்ர்.

எல்லோரும் குனிந்து நின்று கேட்டார்கள். சிலிண்டர் காலியானது. "இன்னும் போடுங்க" என்றார் இன்ஜினியர். போட்டார். அதுவும் காலி. "இன்னும்." கிணற்றில் போட்ட கல் மாதிரி அதுவும் போனது. நாலாவது வாளியும் தீர்ந்தபோது ரோலர்காரர் மட்டும், "ஸ்பூனைத் தின்னதும் இதுவாத்தான் இருக்கும்" என்று வாய்க்குள் சொன்னார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

பெரிய இன்ஜினியர் எழுந்து கையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "உங்க மணல் கணக்குப்படி பார்த்தா இந்த மண்ணு பஞ்சை விட லேசா இருக்கணும். உங்க மெஷின் கணக்குப்படி இந்த ரோலர் இங்க நிக்கவே முடியாது. ரெண்டுல ஒண்ணு சரின்னு நான் நம்பணும்னா, இந்த ரோட்டுக்கு அடியில பாதாளம் இருக்குன்னு நம்பணும். நீங்க என்ன சொல்றீங்க?"

குழி சார் மெஷினைப் பார்த்தார். காலி வாளிகளைப் பார்த்தார். தான் அடுக்கு அடுக்காக அளந்து போட்ட மண்ணைப் பார்த்தார். யாராவது ஒருவரைக் காட்டிக்கொடுத்தே ஆக வேண்டும்.

"மண்ணு சரியா இருக்கு சார்" என்றார் ஈனஸ்வரத்தில். "மெஷின்தான் கெட்டுப்போச்சு. மணலும் சரியில்ல போலிருக்கு."

"அப்படி வாரும் வழிக்கு!" என்றார் மேனேஜர்.

"மெஷினும் மணலும் சரின்னு நீங்க நிரூபிச்சிருந்தா, அந்தப் பெட்டியை இந்தச் சாலைப் பக்கமே விட்டிருக்கமாட்டேன்" என்றார் இன்ஜினியர் வருத்தமாக. "கீழ வீடுங்க இருக்கு, எனக்கும் அதுல இஷ்டம் இல்லை. ஆனா வேற வழியில்லையே. நாளையிலேருந்து பெட்டியையே வெச்சுக்கங்க. மண்ணு சரின்னு நீங்களே சொல்றதால காலையில தார் போட்டுடலாம்." பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

செல்போன் அடித்தது. எடுக்காவிட்டாலும் அடி, எடுத்தாலும் அடி. எடுத்தார்.

"என்னாச்சுங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னால் மேனேஜர், "பெட்டியை இன்னிக்கே உம்ம வீட்டு அறையில இறக்கிடும்யா!" என்று கத்தியது அந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும்.

"சரி" என்றாள் மனைவி. போனை வைத்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அவர் போனைப் பிடித்தபடி சிலை போல நின்றார். அப்போது கல்சுவரின் ஓரமாக இருந்த படிகளில், மூச்சு வாங்க வாங்க, ஒரு அம்மா ஏறி வந்தார். தலைமுடியெல்லாம் தூசி. இடுப்பில் செருகிய முந்தானை. ஒரு கையில் துடைப்பம். இன்னொரு கையை எதையோ மறைத்தது போல மூடியிருந்தார்.

"சார், இவங்கதான் சார்!" என்று டிரைவர் சந்தோஷமாகக் கத்தினார். "காலையிலேருந்து நமக்கு மணல் குடுத்த அம்மா!"

எல்லாம் போனாலும் மரியாதை போகக் கூடாது என்று குழி சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைகூப்பினார். "அம்மா, உங்களை மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததே இல்லை. கேட்டப்பல்லாம் முகம் சுளிக்காம அள்ளிக் குடுத்தீங்க. வேலை நடக்கலை. ஆனா உங்க நல்ல மனசுக்கு ரொம்ப நன்றி."

அந்த அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, மூடிய கையைத் திறந்து, காம்பில் பூப்போட்ட ஸ்பூன் ஒன்றை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நன்றியெல்லாம் இருக்கட்டுங்க, காலையிலேருந்து எங்க வீட்டுப் பின்னாடி உங்க கல்சுவத்துல தண்ணி வடியுற ஓட்டையிலேருந்து மணலாக் கொட்டுது, நீங்க அள்ள அள்ள மறுபடி கொட்டுது, இப்ப அதோட சேர்ந்து இந்த ஸ்பூனும் வந்து விழுது... ஏன் சார், உங்க ரோட்டுக்குள்ள யாராவது குடித்தனம் இருக்காங்களா?"